உள்ளே அழுதவள்

அறைக்கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஒரு பெண் இழுத்து இழுத்து அழுதுகொண்டிருந்தாள்.

ஆபீசில் கரண்ட் போய்விட்டது, வீட்டுக்குப் போங்கள் என்று மத்தியானமே எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். வந்தவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் கதவில் காதை வைத்தாள். அழுது அழுது தொண்டை கட்டிப்போன குரல். எங்கேயோ கேட்ட அழுகைதான், ஆனால் யாருடையது என்று பிடிபடவில்லை.

மேல்மாடிக்காரியா? கணவனோடு வேலை செய்கிறாளே, அந்தப் பாடகியா? எவளாக இருந்தால் என்ன, வீட்டுக்காரி இல்லாத நேரம் பார்த்து வந்து அழுகிற அளவுக்கு உரிமை முற்றிவிட்டது! படாரென்று கதவைத் தள்ளினாள்.

“எங்க அவ?”

கணவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சட்டென்று ஒரு பொத்தானை அமுக்கிவிட்டுத் திரும்பினான். “எவ?”

“நடிக்காதீங்க. இவ்வளவு நேரம் அழுதாளே, அவ!” கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள், அலமாரியைத் திறந்து பார்த்தாள். யாரையும் காணோம்; ஆத்திரத்தில் அவளுக்கு அழுகைதான் வந்தது. “அம்மா போன ஈரமே இன்னும் காயல. இப்ப உங்களை விட்டா எனக்கு யாருங்க இருக்கா? அது தெரிஞ்சுமா இப்படிப் பண்றீங்க?”

அவன் சிரித்துவிட்டான். “அடி அசடு, அது பொண்ணு இல்ல. பேய்!”

சினிமாப் படங்களுக்கு விதவிதமாகச் சத்தம் செய்து கொடுப்பது அவன் பிழைப்பு; இப்போது கையில் இருந்தது ஒரு பேய்ப் படம். அவளைப் பிடித்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தான். திரை முழுக்கச் சின்னச் சின்னப் பெட்டிகள், ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கலர் கலராக வயர்கள், சிக்குப் பிடித்த நூல்கண்டு மாதிரி.

“பாரு அம்மு. சத்தம் இந்தப் பக்கம் கிளம்பி, ஒவ்வொரு பெட்டியா நுழைஞ்சு, கடைசில ஸ்பீக்கருக்கு வருது. இது எதிரொலி. இது குரலைக் கட்டையாக்கும். இது ஜவ்வு மாதிரி இழுக்கும். எந்தப் பெட்டி வேணாமோ அதை விட்டுட்டு, வயரை அடுத்ததுல சொருகிட்டாப் போதும்.”

“இந்தக் கோடியில இருக்கே, முதல் பெட்டி, அது?”

“அதுவா? அது சும்மா, ஆரம்பம். அதைத் தொடாத.”

“அப்ப நெஜமாவே ஒருத்தியும் அழலையா?”

“சத்தியமா இல்ல. எல்லாம் நானே கட்டினது. டைரக்டர் கேட்டுட்டு ஆடிப்போயிட்டார் தெரியுமா? இந்த ஒரு அழுகைக்காகவே அடுத்த படமும் எனக்குத்தான்னு சொல்லிட்டார்.”

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. இந்த மனுஷனைப் போயா சந்தேகப்பட்டோம் என்று மனசுக்குள் தன்னையே நாலு திட்டு திட்டிக்கொண்டாள். அந்த டைரக்டரே போனில் கூப்பிட, அவன் பேசிக்கொண்டே பால்கனிக்குப் போனான்.

கை சும்மா இருக்குமா? அழுகையை ஓடவிட்டு, எதிரொலியின் வயரை எடுத்து மாற்றிச் சொருகினாள். பாழடைந்த பங்களாவில் அலைந்த பேய், பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து அழுதது. அட, நமக்கும் வருகிறதே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

கட்டைக் குரல் பெட்டியையும் விலக்கினாள். பேய் போய்விட்டது, பெண் வந்துவிட்டாள். அவளுடைய சிரிப்பு பாதியிலேயே நின்றது.

இழுக்கிற பெட்டி ஒன்றுதான் பாக்கி. அதையும் கழற்றினாள்.

“அம்மா... நான் வந்து பாக்கறதுக்குள்ள போயிட்டியேம்மா...”

அவள் குரல். அம்மா போன செய்தி ஊரிலிருந்து போனில் வந்ததும், இதே கட்டிலில், இவன் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கதறிய கதறல். பெற்றவளுக்காக அழுத அழுகையைத் தூக்கிப் பேய்க்குக் கொடுத்திருக்கிறான், படுபாவி!

அன்றைக்கு அவன் ஒரு கை அவள் தலையை விட்டு நகரவே இல்லை. அந்தக் கையை நம்பித்தான் இத்தனை நாளும் துக்கத்தைத் தாண்டி வந்திருந்தாள். இன்னொரு கை என்ன செய்துகொண்டிருந்தது என்று அவள் பார்க்கவில்லை.

போனும் கையுமாக அவன் வாசலில் வந்து நின்றான். ஸ்பீக்கரில் என்ன ஓடுகிறது என்று காதில் விழுந்ததும், “அம்மு, அதை நிறுத்து,” என்று பாய்ந்து வந்தான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

ஸ்பீக்கரில் அழுகை மெல்லத் தேய்ந்து, விம்மலாகக் குறைந்தது. உடனே அதே ஸ்பீக்கரில் அவன் குரல், காதோரமாக, அவ்வளவு பாசமாகக் கேட்டது.

“அடக்காத அம்மு... இன்னும் கொஞ்சம் சத்தமா அழு.”