அக்கரையில் கேட்ட வெட்டு

ஐந்தாவது கட்டையைப் பிளக்கும்போதுதான் மாமனாருக்குச் சந்தேகம் தட்டியது.

ஏரிக்கு அக்கரையில் சுவர்போலப் பாறை. இவர் இங்கே ஒரு போடு போட்டால், மூச்சு விடும் நேரம் கழித்து அந்தப் பாறை ‘டொக்’ என்று திருப்பிச் சொல்லும்.

இப்போது அந்த இடைவெளி இல்லை. இரண்டும் ஒன்றாகவே கேட்டன.

காது கெட்டுவிட்டதோ? ஊரையே நம்பாதவர் தன் காதை மட்டும் நம்பிவிடுவாரா!

இரண்டு நாள் கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று மாப்பிள்ளை கிளப்பிக்கொண்டு வந்த இடம் இது. அடுப்பு மூட்ட விறகு வேண்டும். கைக்கோடாரியை மாமனார் யாரிடமும் விடவில்லை.

முழங்கால் இரண்டையும் மண்ணில் ஊன்றியிருந்தார். கோடாரி வாயை விறகின் தலையில் லேசாகப் பதிப்பார். காம்பை இரண்டு கையாலும் பிடித்து, விறகோடு சேர்த்தே தூக்கி, அடிக்கட்டைமேல் போடுவார். விறகைப் பிடிக்க விரலுக்கு அங்கே வேலையே இல்லை.

“என்ன மாமா, விறகு பொளக்குறீங்களா, சாமி கும்புடுறீங்களா?” மடக்கு நாற்காலியில் சாய்ந்தபடி மாப்பிள்ளை சிரித்தான்.

நின்று வெட்டினால், தவறும் வெட்டு காலுக்கு வரும். முட்டி போட்டு வெட்டினால் மண்ணுக்குப் போகும். இதை அவர் சொல்லவில்லை. பரிகாசம் பண்ணுகிறவனுக்கு என்ன பாடம்?

கல்யாணமாகி இரண்டு வருஷம். இந்த ஆளை நம்பி ஒரு கத்தியைக்கூட அவர் கொடுத்ததில்லை. மகளைக் கொடுத்ததே அதிகம்.

ஆறாவது கட்டை. தூக்கினார்.

இன்னும் இறக்கவில்லை. அக்கரையில் ‘டொக்’ என்றது.

மெதுவாக இறக்கினார். விறகு பிளந்தது. பாறை வாயே திறக்கவில்லை.

“கேட்டுச்சா?”

“நீங்க வெட்டுறதுதான் மாமா ஊருக்கே கேக்குதே.”

ஏழாவது கட்டையை எடுத்து வைத்தார். கோடாரியை இன்னும் தொடக்கூட இல்லை.

இந்த முறை கேட்டது ‘டொக்’ அல்ல. ஈரத்துணியில் அடித்ததுபோல ஒரு மொத்தல். அதன் வாலைப் பிடித்துக்கொண்டே ஓர் அலறல்.

அவருடைய குரல். எழுபது வருஷமாகத் தன் வாயிலிருந்து கேட்ட குரலைத் தெரியாமலா போகும்?

கூடாரத்துக்குள் மகள் பிள்ளையைத் தட்டித் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தட்டல் ஒரு தாளம்கூடப் பிசகவில்லை. அவளுக்கும் கேட்கவில்லை.

மாமனார் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பத்து விரலும் இருந்தன.

அடுத்த வெட்டில்தானே அலறப்போகிறார்? அந்த வெட்டை அவர் வெட்டாவிட்டால்?

“கை நடுங்குது மாப்ளே. மிச்சத்தை நீங்க போட்டுருங்க.”

“அடேங்கப்பா, இன்னைக்கு மழைதான்!” மாப்பிள்ளை துள்ளி எழுந்து வந்தான்.

மாமனார் பத்தடி தள்ளிப் போனார். கைகளை அக்குளுக்குள் ஒளித்துக்கொண்டார். கோடாரி இனி அடுத்தவன் பாடு. தப்பித்தோம் என்று திரும்பிப் பார்த்தார்.

மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தான்.

புதுக் கால்சட்டையில் மண் ஒட்டுமே என்று யோசித்தானோ என்னவோ. ஒரு காலை முன்னால் நீட்டி வைத்து, ஒற்றைக் கையால் கோடாரியைத் தலைக்குமேல் ஓங்கியிருந்தான்.

அந்தக் கணத்தில்தான் கிழவருக்குப் புரிந்தது. அக்கரையில் கேட்டது, வெட்டுப்பட்டவன் போட்ட சத்தம் அல்ல. பக்கத்தில் நின்று பார்த்தவன் போட்ட சத்தம்.

கோடாரி இறங்கியது.

“ஐயோ, மாப்ளே!”

ஏரியைத் தாண்டிப் போன அந்தக் குரலுக்குப் பாறையிலிருந்து பதிலே வரவில்லை.