ஐந்து வோல்ட் வயிறு

டிராக்டர் பேட்டரிக்குப் பிள்ளைகளுக்கு ஊட்டுவதென்றால் கொள்ளை ஆசை. ஆனால் அவளிடம் இருப்பதோ பன்னிரண்டு வோல்ட். டிராக்டரில் புதிதாகப் பொருத்திய எலக்ட்ரானிக் சிப்புக் குட்டிக்கு ஐந்து வோல்ட் வயிறு. நடுவில் உட்கார்ந்த கன்வெர்ட்டர்தான் குறைத்துக் குறைத்து ஊட்டினான்.

"ஒரே ஒரு வாய் என் கையால குடுக்க விடேன்டா! புள்ள எறும்பாட்டம் இருக்கு."

"ஒரு வாய்லயே கருகிடும்க்கா."

"கஞ்சப் பயலே!" என்று பேட்டரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்நேரம் என்ஜின் உறுமிக் கிளம்ப, கம்பியில் மின்சாரம் உலைபோலப் பொங்கி வந்தது. கன்வெர்ட்டர் அத்தனையையும் தன்மேல் வாங்கிக் கொதித்தான். சிப்புக்குப் போனது அதே ஐந்துதான். அது விளக்கைச் சிமிட்டி, "இன்னொரு வாய், மாமா" என்றது.

பேட்டரி கன்வெர்ட்டர் பக்கம் திரும்பினாள். "நீயே ஊட்டு தம்பி," என்றாள். "நான் பக்கத்துல உக்காந்து 'ஆ' காட்டச் சொல்றேன்."