எலும்புத்தூள்

மகள் செடியின் அடியில் விரலை விட்டு மண்ணைக் கிள்ளி எடுத்தாள். வெள்ளைத் துகள்களும் கூடவே வந்தன.

"இதுக்கு என்னவும் போட்டனீங்களோ, அப்பா?"

"எலும்புத்தூள்."

பின்கதவில் நின்றபடி பெருமையாகத்தான் சொன்னார். யாழ்ப்பாணத்தில் திராட்சைக்கு எலும்புத்தூள் போட்டே பேர் வாங்கிய கை.

மெல்பனுக்கு வந்து எட்டுக் கிழமை, இரண்டு மாதம். மகளும் மருமகன் டானியலும் வேலைக்குப் போனால், வீட்டில் அவரும் இந்தச் செடியும்தான். கிரெவில்லியா. இந்த நாட்டுச் செடிகள் இரண்டைக் கலந்து உண்டாக்கியதாம். கணுக்கால் உயரம்தான். மேடு முழுக்கப் பாய் விரித்ததுபோல் படர்ந்து கிடந்தது. பல் தேய்க்கும் பிரஷ் போலச் சிவப்புப் பூக்கள். வெறும் மணலில், பாவம், ஒரு பிடி உரம் கண்டதில்லை.

வெள்ளைக்காரனைக் கட்டினாள் என்று பதினொரு வருஷம் மகளை ஒதுக்கி வைத்தவர். அவள்தான் டிக்கெட் அனுப்பிக் கூப்பிட்டாள்.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. செடிக்கு உரம் வைத்தார்.

இலை மஞ்சளித்தது. பசி என்று நினைத்தார். இரண்டு பிடி போட்டார்.

இலை கருகியது. மூன்று பிடி.

"உரம் இதுக்கு நஞ்சப்பா. சும்மா விட்டாலே வளரும்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பார்.

"வேறை ஒண்டு வாங்கி வைப்பம், பிள்ளை."

மகள் கையிலிருந்த மண்ணைத் தட்டினாள்.

"அம்மா செத்த கிழமை நான் நட்டனான்."

அந்தக் கிழமை அவருக்கு நன்றாக நினைவிருந்தது. மனைவியைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். நாளைக்குப் புறப்படுகிறேன் என்று மகள் தொலைபேசியில் அழுதாள்.

"வர வேண்டாம். அங்கையே நில்."

சனத்துக்குக் கேட்கட்டும் என்று உரக்கத்தான் சொன்னார். அன்றைக்கு அது ரோஷமாகத் தெரிந்தது.

மகள் காய்ந்த கிளைகளை விலக்கிக்கொண்டே போனாள். வேலியோரம் குனிந்தாள்.

அங்கே ஒரு கிளை தரையில் பட்டுத் தனியாக வேர் பிடித்திருந்தது. அவர் உரம் எட்டாத இடம். ஐந்தாறு இலைகள். பச்சை.

அவர் செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கினார்.

மகள் திரும்பாமலே கையை நீட்டித் தடுத்தாள்.

"வர வேண்டாமப்பா. அங்கையே நில்லுங்கோ."

நின்றார்.

எவ்வளவு நேரம் என்று கேட்கவில்லை.