பாஸில் நாலு பேர்

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வந்த அவசரகாலத்தில் சிம்பாங் அம்பாட் பக்கத்து ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். வெளியே போக ஆபீஸில் தரும் பாஸில் எழுதிய தலைக்கணக்கு சரியாக இருந்தால்தான் வாசல் திறக்கும்.

குஞ்சம்மாவுக்கு மூத்தவள் நல்லபடியாகப் பிறந்தாள். அடுத்த இரண்டும் பிறந்த மறுநாளே மஞ்சள் பூத்து இறந்தன. இப்போது நிறைமாதம்.

"உன் ரத்தத்துல ஆர்.எச். இல்ல, உன் புருஷனுக்கு இருக்கு. அதான் உன் ரத்தமே பிள்ளைய அழிக்குது. மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில பெத்தா உடனே ரத்தத்த மாத்திடுவாங்க," என்றார் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரெஸர்.

மூத்தவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு குஞ்சம்மாவும் கணவன் அங்கமுத்துவும் காலையில் வாசலுக்கு வந்தார்கள். காவலர் முனியாண்டி விரலை நீட்டி எண்ணினார். விரல் இரண்டு முறை முழங்கால் உயரத்துக்கு இறங்கியது.

"ரெண்டு பேருன்னு போட்டிருக்கு. நாலு பேரு நிக்கிறீங்களே."

"காலையிலேயே கள்ளு குடிச்சீங்களாண்ணே? நாங்க ரெண்டு பேருதான்," என்றான் அங்கமுத்து.

"ரூல்ஸ் அப்படிலா தம்பி. என் வேலை போயிடும். ஆபீஸ்ல மாத்திக்கிட்டு வா."

ஆபீஸில் பாஸ் எழுதும் கிராணி ஒன்றும் கேட்காமல் நாலு என்று திருத்திக் கொடுத்தார். அங்கமுத்து வாசலுக்குத் திரும்பி வந்தபோது குஞ்சம்மாவுக்கு வலி எடுத்திருந்தது. முனியாண்டி மறுபடி எண்ணினார். முழங்கால் உயரத்துக்கு இரண்டு முறை இறங்கிய விரல், அவளுடைய வெறும் கைகளுக்கு நேரே வந்து நின்றது.

"கைப்பிள்ளைய எழுதலையேம்மா," என்று பாஸைத் திருப்பிக் கொடுத்தார்.

அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். விடிந்ததிலிருந்து உதைத்துக்கொண்டிருந்த பிள்ளை இப்போது உதைக்கவில்லை.