நழுப்பி

"இந்த வார்த்தையை எங்கேருந்து எடுத்தீங்க?" வந்தவர் அகராதியைப் பிரித்து, 'நழுப்பி' என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார்.

"தேய்ஞ்சுபோன சோப்புச் சில்லுக்குப் பேரு சார். ஜனங்க சொல்றதுதான்," என்றாள் அந்த ஒற்றை அறை ஆபீசின் சொந்தக்காரி. ஆறு வருஷம் தனி ஆளாக மாரடித்து அவள் கொண்டுவந்த முதல் அகராதி அது.

"ஜனங்க சொல்ல மாட்டாங்க. அப்படி ஒரு வார்த்தையே கிடையாது." வந்தவர் பெயர்பெற்ற பெரிய அகராதி ஒன்றின் ஆசிரியர். "பத்து வருஷம் முன்னாடி குளிக்கறப்ப எனக்குச் சட்டுனு தோணினது. கையில நிக்காம நழுவுதே, அதான் நழுப்பி. எங்களைக் காப்பியடிக்கறவங்களைப் பிடிக்கத்தான் அந்தப் பொய் வார்த்தையை உள்ளே சொருகி வச்சேன். வசமா மாட்டிக்கிட்டீங்க."

வக்கீல் நோட்டீசை மேஜைமேல் வைத்தார். வழக்கில் தோற்றால் அச்சடித்த ஆயிரம் பிரதிகளும் கூழாகிவிடும்.

"ஒரு வார்த்தை ஒருத்தருக்கே சொந்தமாகுமா சார்?"

"நான் பெத்த வார்த்தை. எனக்குத்தான் சொந்தம்."

அவள் பெட்டியிலிருந்த அட்டைகளைக் குடைந்தாள். எந்தச் சொல்லை எங்கே, எப்போது கேட்டாள் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுதி வைத்திருந்தாள்.

"போன வருஷம், கண் ஆஸ்பத்திரிக் குழாயடியில, வயசான ஒரு அம்மா சொன்னாங்க."

"எங்க அகராதியில பார்த்திருப்பாங்க."

"அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது சார்."

அவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். வந்த வேலை மறந்து, வெறும் ஆவல்தான் மிஞ்சியிருந்தது. "அப்போ அவங்க வாய்க்கு அது எப்படிப் போச்சு?"

"எனக்கும் அதான் புரியலை. பதிவு பண்ணியிருக்கேன், நீங்களே கேளுங்க."

செல்போனில் முதலில் குழாய்ச் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கிழக்குரல்.

"அந்த நழுப்பியைத் தூக்கிப் போட்டுடாதம்மா. புதுக் கட்டியில ஒட்டிக்கலாம்."

"நழுப்பியா? அப்படின்னா என்னம்மா?" இது அவள் குரல்.

"இதுகூடத் தெரியாதா? நான் சின்னப் பொண்ணா இருந்தப்பலேருந்து எங்க வீட்ல, எங்க தெருவுல எல்லாரும் அப்படித்தானே சொல்லுவோம்."

"நிறுத்துங்க," என்றார் ஆசிரியர். அவர் சட்டென்று எழுந்துவிட்டார். அவள் பதறிப்போய்ப் பொத்தானைத் தேடுவதற்குள் அந்தக் குரல் சொல்லி முடித்துவிட்டது:

"சந்தேகமா இருந்தா என் பையனைக் கேளு. அகராதி போடறதுதான் அவனுக்கு வேலையே."