ஏழாவது கட்டம்

"ஏம்மா, ஆறு கட்டத்துக்கு மிருகத்தோட பேர் எழுதியிருக்கீங்க. ஏழாவதுக்கு மட்டும் வெறும் நம்பர் போட்டிருக்கே, அது என்ன மிருகம்?"

வனக்காவலர் பெண் விலங்குப் பதிவேட்டைச் சட்டென்று மூடினாள். "அது ஒண்ணுமில்ல சார். எங்க வசதிக்கு."

"என்கிட்டயே மறைக்கிறியா? இந்தக் கோபுரத்தை வடிவமைச்சவனே நான்தான்."

"தெரியும் சார். போன தடவையும் சொன்னீங்க."

தேசியப் பூங்காவின் மலைமுகட்டில் நின்ற அந்தக் காட்சிக் கோபுரத்துக்கு, அதை வடிவமைத்த சீஃப் சூட்டிய பெயர் 'விண்ணை நோக்கிய விரல்'. விருது கொடுத்தவர்களும் அப்படித்தான் எழுதினார்கள். மற்ற எல்லோருக்கும் அது தண்ணித்தொட்டி.

தலைமைக் கட்டடக் கலைஞர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றதும், தன் படைப்பை ஜன்னல் வழியே ரசித்தபடி காலம் தள்ளலாம் என்று கீழ்ச்சரிவில் வீடு வாங்கினார். மனைவி இருந்தவரை அது நல்ல யோசனையாகத்தான் இருந்தது. இப்போது முழங்கால் சம்மதிக்கிற நாட்களில் மேலே ஏறி வருவார். விலங்கு பார்க்க என்று சொல்லிக்கொள்வார். வருவதென்னவோ நாலு வார்த்தை பேச.

போன குளிர்காலத்தில் பக்கத்து வீட்டு வாத்தியார் குளியலறையில் விழுந்தார். வெளியே தெரிய ஐந்து நாள் ஆயிற்று. அன்றிலிருந்து சீஃப் மனசுக்குள் ஒரே கணக்கு. மகள் ஞாயிற்றுக்கிழமைதான் போன் செய்வாள். திங்கட்கிழமை விழுந்தால் ஆறு நாள் கிடக்க வேண்டும். சனிக்கிழமை விழுந்தால் ஒரே நாள். ஆக, விழுவதென்றால் சனிக்கிழமைதான் தோது.

"அது கிடக்கட்டும், போன வாரம் உனக்கு என்ன வந்துச்சு?" என்று ஆரம்பித்தார். "மூணு நாளா காய்ச்சல்ல சுருண்டு கிடக்கேன். கதவை அந்த இடி இடிக்கிறே. தட்டுத்தடுமாறி வந்து திறந்தா, தீப்பெட்டி வேணுமாம்! காட்டுக்குள்ள தீப்பெட்டி வச்சிருந்தாலே அபராதம் போடுறவ நீ!"

"மன்னிச்சுக்குங்க சார். ஒரு அவசரம்."

"உன் மேலதிகாரிக்கு எழுதறதா இருக்கேன். இந்தத் தொலைநோக்கியைப் பத்தியும் சேர்த்து. சிகரத்தைப் பார்த்து வைன்னு எத்தனை தடவை சொன்னேன்? எப்பப் பாரு கீழ்ச்சரிவையே பார்த்துக்கிட்டு நிக்குது."

"காலையில அங்கதான் சார் நடமாட்டம்."

அதற்குள் ஓர் இளம் தம்பதி மூச்சிரைக்க வந்து சேர்ந்தது. "அங்கிள், இந்தத் தண்ணித்தொட்டி மேல ஏற டிக்கெட் உண்டா?"

சீஃப் ஒரு நிமிடம் கண்ணை மூடித் திறந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கினார். "மேல போனா கரடி தெரியும், மலையாடு தெரியும். அதிர்ஷ்டம் இருந்தா சிறுத்தை. அப்புறம் ஏழாவதா ஒண்ணு இருக்கு. அரிய வகை. பேரையே வெளியில சொல்ல மாட்டாங்க."

"ஐயோ! நீங்க பார்த்திருக்கீங்களா?" என்றாள் அந்தப் பெண்.

பார்த்ததில்லை. ஆனால் விண்ணையே விரலால் சுட்டியவர் எப்படி இல்லையென்பார்?

"தினமும் பார்க்கிறேனே!"

"எப்படி இருக்கும் அங்கிள்?"

"வயசான ஆண். கூட்டத்தை விட்டு ஒதுங்கிப்போனது. தனியாத்தான் திரியும். யாரையும் அண்ட விடாது. கிட்டப் போனா உறுமும். ஆனா கடிக்காது." காவலர் பெண் பக்கம் திரும்பினார். "சரிதானேம்மா?"

அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு டிக்கெட்டைக் கிழித்தாள். "ரொம்பச் சரி சார். கூடவே இருந்து பார்த்த மாதிரி சொல்றீங்க."

தம்பதியை அழைத்துக்கொண்டு அவள் படியேறினாள். சிரிப்புச் சத்தம் சுற்றிச் சுற்றி மேலே போய்த் தேய்ந்தது. நீங்களும் வாங்க என்று யாரும் கூப்பிடவில்லை.

மேசைமேல் பதிவேடு இருந்தது. அடித்துவிட்ட கதை எவ்வளவு தூரம் பொய் என்றாவது தெரிந்துகொள்ளலாமே? சீஃப் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிரித்தார்.

ஏழாவது கட்டத்தில், மாதக்கணக்கில், பென்சிலால் ஒரே குறிப்பு: 'காலை 6.30. வெளியே வந்தது. தனியாக.'

போன வாரத்தில் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தது.

'செவ்வாய்: தென்படவில்லை. புதன்: தென்படவில்லை. வியாழன்: தென்படவில்லை. தீப்பெட்டி கேட்கிற சாக்கில் போய்க் கதவைத் தட்டினேன். உறுமியது. நலம்.'