கிளிப் கழற்றிய சனிக்கிழமை

“பல்லெல்லாம் எப்பவோ வரிசைக்கு வந்துடுச்சுங்களே அக்கா, இன்னும் எதுக்கு கிளிப்?” என்றாள் புது டாக்டர்.

கலாவதியால் பதில் சொல்ல முடியவில்லை. உதடுகளை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையம் வாயில் மாட்டியிருந்தது.

வழக்கமாகப் பார்க்கும் பெரிய டாக்டர் அன்று ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவருக்குப் பதிலாக வந்திருந்த சின்னப் பெண் ஃபைலைப் புரட்டினாள்.

“ஏப்ரல்லயே கழட்டிடலாம்னு சார் எழுதியிருக்காரே. உங்க வீட்டுக்காரர்தான் போன் பண்ணினாராம். உங்களுக்கு இன்னும் திருப்தி இல்ல, இந்த வருஷம் முழுக்க இருக்கட்டும்னு சொல்லியிருக்காரு.”

இது நவம்பர்.

ஏப்ரலுக்குப் பிறகும் ஏழு மாதமாக, மாதம் ஒரு சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு, நாகலூரில் முதல் பஸ் பிடித்து, ஏற்காடு டவுனில் மாறி, சேலத்துக்கு இறங்கி வந்துகொண்டிருந்தாள் கலாவதி. பெரிய டாக்டர் ரப்பரை மட்டும் மாற்றிவிட்டு ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார். எல்லாம் உங்கள் திருப்திக்குத்தான் அம்மா என்பார். ஏதோ உபசாரத்துக்குச் சொல்கிறார் என்று அவள் நினைத்திருந்தாள்.

அவள் புருஷன் அன்பழகன் காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். கல்யாணமாகி எட்டு வருடம். கலாவதிக்கு மேல்வரிசைப் பல் முன்னால் தள்ளியிருக்கும். சிரித்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். அவள் டீச்சராக இருக்கும் அங்கன்வாடியில், அவளைப் பார்த்துப் பார்த்துக் குழந்தைகளும் வாயைப் பொத்திக்கொண்டே சிரிக்கப் பழகியிருந்தன.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அன்பழகன்தான் அந்தப் பேச்சை எடுத்தான்.

“நீ வாயப் பொத்தாம சிரிக்கறத ஒருக்காவாச்சும் பாக்கோணும் கலா.”

பெற்றவர்கள்கூட அவள் பல்லைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. மோர் எடுத்து வருகிற சாக்கில் அடுப்படிக்குப் போய் அழுதாள்.

முதல் தடவை அவனே கூட வந்தான். படிவத்தில் தன் நம்பரைத்தான் எழுதிக் கொடுத்தான்.

கம்பியை முறுக்கிய அன்றைக்கெல்லாம் தாடை விண்விண்ணென்று தெறிக்கும். மூன்று நாளைக்கு ரசம் சாதம்தான். அவள் சலித்துக்கொண்டதே இல்லை. அவசரப்பட்டு வராதே, சேலத்திலேயே அம்மாபேட்டையில் உன் அக்கா வீட்டில் படுத்து எழுந்து சாயங்கால பஸ்ஸில் வா என்று சொல்லித்தான் அனுப்புவான். எந்த ஊரில் புருஷன் இப்படிச் சொல்கிறான் என்று அக்காவே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள்.

கலாவதி கையை உயர்த்தினாள். டாக்டர் வளையத்தை வெளியே எடுத்தாள்.

“கழட்டிருங்க.”

கிளிப்புகள் நறுக் நறுக்கென்று ஒவ்வொன்றாக விட்டன. ஒட்டியிருந்த பசையைச் சுரண்டி, கொப்பளிக்கச் சொல்லி, கண்ணாடியைக் கையில் கொடுத்தாள் டாக்டர். வரிசையாக, அழகாகத்தான் இருந்தன. நாக்கால் தடவிப் பார்த்தாள். வழவழவென்றிருந்தது. சிரித்துக் காட்டுங்க அக்கா என்று டாக்டர் சொன்னதற்கு அவளால் சிரிக்க முடியவில்லை.

அக்கா வீட்டுக்குப் போகவில்லை. யாருக்கும் போன் செய்யவில்லை. பன்னிரண்டு மணிக்கெல்லாம் மலையேறும் பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டாள்.

பஸ் வளைவுக்கு வளைவு திரும்ப, அவனுக்காகக் காரணம் தேடிக்கொண்டே வந்தாள். சீக்கிரம் கழற்றினால் பல் மறுபடி தள்ளிக்கொள்ளும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பயந்திருப்பான். பயந்த சுபாவம்தான். ஆனால் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? ஏழு மாதத்தில் ஒரே ஒரு வார்த்தை. மலையின் குளிர் முகத்தில் அடிக்கத் தொடங்கியபோது அவளிடம் காரணம் ஏதும் மிச்சமில்லை.

நாகலூரில் இறங்கியபோது மணி இரண்டரை. காப்பிப் பழம் பறிப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. பறிப்புக் காலத்தில் ரைட்டர் பகலில் வீட்டுக்கு வருவது கிடையாது. அன்பழகனின் பைக் வாசலில் நின்றது. கதவு சாத்தியிருந்தது.

எதிர்வீட்டு அமுதவல்லி கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வாழ்க்கைப்பட்டு வந்த இந்த ஊரில் கலாவதிக்கு இருக்கும் ஒரே சிநேகிதி. கலா என்றும் புள்ள என்றும் தவிர வேறு மாதிரி அவளைக் கூப்பிட்டதில்லை.

கலாவதியைப் பார்த்ததும் அமுதவல்லியின் கை கொடியிலேயே நின்றுவிட்டது. பிறகு, நாலடி தள்ளி நிற்பவளிடம், தோட்டத்துக் கடைசிக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

“ஏனுங்க டீச்சர்! என்ன இன்னைக்கு இத்தன நேரமே வந்துட்டீங்க!”

வீட்டுக்குள் ஏதோ பாத்திரம் உருண்டது. பின்கதவின் தாழ்ப்பாள் விலகியது. காப்பிச் செடிகளுக்குள் ஒரு கொலுசுச் சத்தம் இறங்கி ஓடியது.

கலாவதி அந்தப் பக்கம் திரும்பவில்லை. அமுதவல்லியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாதாமாதம் அந்தச் சனிக்கிழமைக் காலையில் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கூடவே வந்து, எத்தனை மணி பஸ்ஸுக்குத் திரும்புவாய் என்று தவறாமல் கேட்டுக்கொண்டு போனவள் அவள்தான்.